ஏழாவது பல்ப்

ஜனவரி 11

அன்புள்ள தம்பி எலிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே நாங்கள் மூவரும் சுகம். நீ சுகமா என்று கேட்டால் "சுகம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவாய். அதனால் இந்த முறை பிரித்துக் கேட்கிறேன்: மூன்று வேளையும் சாப்பிடுகிறாயா, இருமல் நின்றதா, மலைக் குளிருக்குக் கம்பளி வாங்கினாயா? மூன்றுக்கும் தனித்தனியாகப் பதில் வேண்டும்.

விஷயத்துக்கு வருகிறேன். நீ எங்களுக்குக் கொடுத்த உன் பழைய காரைப் பிரிக்க ஆரம்பித்துவிட்டேன். சிரிக்காதே. நாலு வருடமாக ஷெட்டில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கிறதே, அதேதான். முன்பக்கத் தகட்டை நம் தெரு மெக்கானிக் தட்டி நிமிர்த்திவிட்டார். என்ன கேட்டாலும் "நாளைக்கு" என்பாரே, அவர்தான். பிரேக் முழுவதும் புதிதாகப் போட்டாயிற்று. இஞ்சின் ஓடுகிறது. ஆனால் சாவியைத் திருப்பினால் டேஷ்போர்டில் ஒன்றும் எரிவதில்லை. எலி உள்ளே குடும்பம் நடத்தி வயரையெல்லாம் குதறி வைத்திருக்கிறது. உன் இனத்தார் செய்த வேலை, நீதான் பொறுப்பு. மெக்கானிக் கையை விட்டுப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ள என் கை நுழையாதும்மா. உங்க கை சின்னது, நீங்களே பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். வாழ்க்கையில் முதல் முறையாக அந்த மனிதர் நாளைக்கு என்று சொல்லவில்லை.

இத்தனை நாள் இல்லாமல் இப்போது என்ன என்று கேட்பாய். மாமாவை டிப்போவில் மறுபடியும் பஸ் ஓட்டக் கூப்பிடுகிறார்கள். மே மாதக் கடைசிக்குள் சரி என்று சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் கேட்டில் உட்கார்ந்து எந்த பஸ் எத்தனை மணிக்கு வந்தது, போனது என்று எழுதும் வேலையே நிரந்தரம். பத்தொன்பது வருடம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டியவர், அந்த ஞாயிற்றுக்கிழமை இறக்கத்தில் நம் காரின் பிரேக் பிடிக்காமல் போய்ச் சுவரில் மோதியதிலிருந்து ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. கேட்டால் ஒரே பதில்தான்: "பிரேக் ஆயில் குறைஞ்சா சிவப்பு லைட் எரியும். எரிஞ்சிருக்கும். நான் பாக்கல. பெத்த பொண்ணைப் பின்னாடி உக்கார வச்சுக்கிட்டே பாக்காதவன், ஊர்ப் பிள்ளைங்களை எந்த மூஞ்சியோட ஏத்துவேன்?" அன்று அடிபட்ட நம் வாலுவின் இடது முழங்கையை இன்னும் முழுதாக நீட்ட முடியவில்லை. அவள் அதை மறந்து ஆடிக்கொண்டிருக்கிறாள். அவர்தான் அவள் கை நீட்டும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

கார் சரியானால் ஒரு நாள் அவரை அதில் உட்கார வைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். உட்கார்ந்துவிட்டால் போதும், மற்றது தானாக வரும். அந்தக் காரின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது. சுரங்க இயந்திரங்களுக்கே வயர் மாட்டுகிறவனுக்கு இது என்ன பிரமாதம். டேஷ்போர்டைக் கழற்றுவது எப்படி என்று படம் போட்டு எழுது. போன் வேண்டாம். மேனேஜர் அறையில் வரிசையில் நின்று நீ மூன்று நிமிடம் மூச்சுவிடாமல் பேசுவது எனக்குத் தலையில் ஏறுவதில்லை.

மூன்று பதிலை மறக்காதே.

அக்கா


ஜனவரி 23

அன்பு அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன். இருமல் பாதி நின்றது. கம்பளி வாங்கவில்லை. மாமாவின் முதுகுவலி எப்படி இருக்கிறது? வாலுவிடம் நான் கேட்டதாகச் சொல்.

ஒன்று சொல்கிறேன், கோபப்படாதே. அந்தக் காரை எடைக்குப் போட்டுவிடேன். மாமா உட்கார வேண்டும் என்றால் வேறு ஏதாவது வண்டியில் உட்காரட்டும். அதில் கை வைக்க உனக்கு எப்படி மனம் வருகிறது என்றே எனக்குத் தெரியவில்லை. சொன்னால் கேட்கமாட்டாய். எதையாவது ஆரம்பித்தால் முடிக்கும் வரை வீட்டில் யாரையும் நிம்மதியாக உட்கார விடமாட்டாய். அதனால் எழுதுகிறேன்.

முதலில் பேட்டரி வயரைக் கழற்று. அப்புறம் நடுவில் இருக்கும் சாம்பல் தட்டை வெளியே இழு. அதன் பின்னால் ஒரு ஸ்க்ரூ ஒளிந்துகொண்டிருக்கும். பாதிப் பேர் அது இருப்பதே தெரியாமல் இழுத்துத்தான் டேஷ்போர்டை உடைக்கிறார்கள். ஸ்டீயரிங் தண்டைத் தாங்கும் இரண்டு நட்டைத் தளர்த்தி, கீழே ஒரு ஸ்டூலை வைத்து அதன்மேல் இறக்கு. இடது பக்கம் சாமான் போடும் டப்பாவை முழுதாக எடுத்துவிடு. அந்த ஓட்டை வழியாகக் கையை மேலே விட்டால் மூலையில் ஒரு நட் இருக்கும். கண்ணால் பார்க்க முடியாது, விரலால்தான் தேட வேண்டும். பின் பக்கத்தில் படம் போட்டிருக்கிறேன். படத்தில் மரவட்டை மாதிரி இருப்பது வயர் கட்டு.

கழற்றுகிற ஒவ்வொரு வயரிலும் டேப் ஒட்டி நம்பர் எழுது. டேப்பின் நுனியைக் கொஞ்சம் உள்ளே மடித்து விடு. திரும்பப் பிரிக்க வேண்டிய வேலைக்கு மட்டும்தான் நுனி மடிக்க வேண்டும், நிரந்தர வேலைக்கு மடிக்கக் கூடாது. நான் எப்போதும் அப்படித்தான் செய்வேன். பார்த்தவுடனே தெரியும், பிரிக்கும்போது நகமும் உடையாது.

மீட்டர் போர்டை மட்டும் கழற்ற வேண்டாம். ஸ்பீடோமீட்டர், பெட்ரோல் முள், லைட் எல்லாம் ஒன்றாக இருக்கும் அந்தப் பெட்டி. அது அப்படியே இருக்கட்டும். கண்ணாடி பழசு, தொட்டால் விரிசல் விட்டுவிடும்.

அன்புடன்,
தம்பி


பிப்ரவரி 5

அன்புள்ள எலிக்கு,

எல்லோரும் நலம். மாமாவின் முதுகு பரவாயில்லை. என் முதுகைப் பற்றி நீ கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன்: டேஷ்போர்டுக்குக் கீழே மல்லாந்து படுத்து, கால் சீட்டின் மேல், தலை பிரேக் பெடலுக்கடியில் என்று மூன்று அரைநாள் லீவு போயிற்று. கிளினிக்கில் டாக்டரம்மா என் கழுத்தைப் பார்த்து, "பல்லைப் பிடுங்குறவங்க நானா நீயா?" என்று கேட்கிறார். விஷயத்தைச் சொன்னதும் சிரித்துவிட்டு, கீறல் விழுந்து ஒதுக்கி வைத்திருந்த வாய்க் கண்ணாடி ஒன்றைக் கொடுத்தார். பின்பல்லைப் பார்க்க வைத்திருப்பார்களே, நீளக் கம்பியில் வட்டக் கண்ணாடி, அதுதான். உன் மூலை நட்டை அதில்தான் பிடித்தேன். பன்னிரண்டு வருடமாக மற்றவர்கள் வாய்க்குள் டார்ச் பிடித்த அனுபவம் ஒரு நாள் உதவும் என்று யார் நினைத்தார்கள்.

சாம்பல் தட்டு ஸ்க்ரூ வந்துவிட்டது. ஸ்டீயரிங் ஸ்டூலில் இறங்கிவிட்டது. வயர்களுக்கு முப்பத்தொன்று வரை நம்பர் போட்டாயிற்று, எல்லாவற்றுக்கும் நுனி மடித்தாயிற்று. சின்ன வயதில் என் பாடப் புத்தகத்துக்கு அட்டை போடும்போதே நீ டேப் நுனியை மடிப்பாய். அப்போதே தெரியும் நீ இப்படித்தான் ஆவாய் என்று.

ஆனால் டேஷ்போர்டு நாலு விரல் தூரம் வந்து நின்றுவிடுகிறது. பின்னாலிருந்து ஏதோ பிடித்து இழுக்கிறது. கண்ணாடி விட்டுப் பார்த்தேன். மீட்டர் போர்டுக்குப் பின்னால் தடியாக ஒரு கேபிள் போகிறது. எலிக் கூடும் சரியாக அங்கேதான் இருக்கிறது. ஆகையால் மீட்டர் போர்டு வந்துதான் தீரும். கண்ணாடி உடைந்தால் உடையட்டும், வேறு வாங்கிக்கொள்ளலாம். அந்தக் கேபிளை எப்படி விடுவிப்பது?

நேற்று மாமா ஷெட் வாசல் வரை வந்தார். உள்ளே வரவில்லை. என் கால் மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "உசிரோட இருக்கியா?" என்று கேட்டார். இருக்கிறேன் என்றேன். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனார். நாலு வருடத்தில் அந்த வாசலுக்கு வந்தது இதுதான் முதல் தடவை.

கேபிள் விஷயம் அவசரம். கம்பளி அதைவிட அவசரம்.

அக்கா


பிப்ரவரி 28

அன்பு அக்காவுக்கு,

தாமதத்துக்கு மன்னித்துக்கொள். இங்கே வேலை அதிகம். தபால் வண்டியும் புதன்கிழமை மட்டும்தான் வருகிறது. நான் நலம். கம்பளி வாங்கிவிட்டேன்.

ஹீட்டர் பெட்டியைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். அது மிக முக்கியம். அதை மூன்று நட் பிடித்திருக்கும். இரண்டு உள்ளே, ஒன்று இஞ்சின் பக்கம். இஞ்சின் பக்கத்து நட்டைப் பானெட்டைத் திறந்துதான் எடுக்க வேண்டும். வைப்பர் மோட்டாருக்குக் கீழே, துரு ஏறிக் கறுப்பாக இருக்கும். அதற்கு நீளக் கம்பியும் தலை திரும்புகிற சாக்கெட்டும் வேண்டும். முதல் நாளே துரு எண்ணெய் விட்டு ஊற வை. ஹீட்டர் குழாய்களைக் கழற்றும்போது கீழே வாளி வைக்க மறக்காதே, பழைய தண்ணீர் மிதியடி மேலெல்லாம் கொட்டிவிடும். ஒரு வாளி போதாது, இரண்டு வை. பெட்டியின் வாயில் பஞ்சு ஒட்டியிருக்கும், தொட்டாலே பொடியாகும், மூக்கில் துணி கட்டிக்கொள். புதுப் பஞ்சு ஒட்டும்போது ஓரத்தில் அரை விரல் விட்டு ஒட்டு.

வாலு பள்ளிக்கூடத்தில் எறிபந்து விளையாடுகிறாளா? எந்தக் கையால் எறிகிறாள்?

தம்பி


மார்ச் 6

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். வாலு வலது கையால் எறிகிறாள். கோபத்தோடு எழுதுகிறேன், அதனால் கையெழுத்து கோணலாக இருக்கும்.

ஹீட்டர் பெட்டியைப் பற்றி நான் கேட்டேனா? ஒரு பக்கம் முழுவதும் வாளி, பஞ்சு, துரு எண்ணெய். நான் கேட்டது ஒரு கேபிள். மூன்று வாரமாகக் காத்திருந்து கடிதத்தைப் பிரித்தால் மிதியடி நனையாமல் இருக்க யோசனை சொல்கிறாய். என் பழைய எலி ஒன்று கேட்டால் ஒன்பது சொல்வான், ஆனால் அந்த ஒன்பதுக்குள் கேட்டதும் இருக்கும்.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லையடா. டிப்போ மேலாளர் மறுபடியும் கேட்டாராம். இவர் யோசிக்கிறேன் என்றாராம். யோசிக்கிறேன் என்று சொன்னதே பெரிய விஷயம், இதுவரை முடியாது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். காலையில் ஷேவ் செய்யும்போது கையைப் பார்க்கிறார். ஸ்டீயரிங் பிடிக்கிற மாதிரி இரண்டு விரலை மடக்கிப் பார்த்துவிட்டு, நான் பார்க்கிறேன் என்று தெரிந்ததும் துண்டை எடுத்துக்கொள்கிறார். இந்த நேரத்தில் டேஷ்போர்டு நாலு விரல் தூரத்தில் தொங்கிக்கொண்டிருந்தால் எனக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்.

உனக்குத் தெரியாதென்றால் தெரியாது என்று எழுது. கட்டிங் பிளேயரை எடுத்து வெட்டிவிடுகிறேன்.

அக்கா


மார்ச் 13

அக்காவுக்கு,

வெட்டாதே, அது ஸ்பீடோமீட்டர் கேபிள். முதலில் காருக்கு அடியில் கியர் பெட்டியில் கேபிளின் மறுமுனை இருக்கும், அதைத் தளர்த்து. மேலே கொஞ்சம் தளர்வு கிடைக்கும். பிறகு ஸ்டீயரிங்குக்கு இடது பக்கமாகக் கையை மேலே விடு. மீட்டர் போர்டின் முதுகில் பல் பல்லாக ஒரு வளையம் இருக்கும். அதை விரல் நுனியால் திருக வேண்டும். வழுக்கும். உங்கள் கிளினிக் ரப்பர் கையுறையைப் போட்டுக்கொள், பிடி கிடைக்கும். வளையம் வந்ததும் முன்பக்கம் நாலு ஸ்க்ரூ, அவ்வளவுதான்.

உள்ளே நான் அந்தக் காலத்தில் செய்த அரைகுறை வேலைகள் இருக்கும். எதையும் பார்க்காதே. கடித்த வயரை மட்டும் மாற்றிவிட்டு மூடிவிடு.

மாமா யோசிக்கிறேன் என்று சொன்னது உண்மைதானா?

தம்பி


மார்ச் 20

தம்பிக்கு,

கையுறை யோசனை பலித்தது. வளையம் திரும்பியது. டேஷ்போர்டு முழுதாக வெளியே வந்துவிட்டது.

மீட்டர் போர்டு இப்போது சாப்பாட்டு மேஜையில், பழைய செய்தித்தாளின் மேல் கவிழ்ந்து கிடக்கிறது. அதன் பின்னால் பல்ப் உட்காரும் குழி ஏழு இருக்கிறது. நான் திருகி எடுத்தது ஆறு. ஏழாவது குழி முன்பே காலியாக இருந்தது. அந்த பல்ப் ஹோல்டரோடு வயர் கட்டின் மேல் படுத்திருந்தது. எலி அந்த ஒரு வயரை மட்டும் தொடவே இல்லை. மேலே கறுப்பு டேப் நாலு சுற்று. நுனி மடித்திருக்கிறது.

அது எந்த லைட் என்று எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் எழுது.

அக்கா


ஏப்ரல் 10

தம்பிக்கு,

மூன்று புதன்கிழமை போய்விட்டது. தபால் வண்டி பழுதா என்று உங்கள் அலுவலகத்துக்குப் போன் செய்து கேட்டேன். ஒழுங்காகத்தான் ஓடுகிறதாம்.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாயாம், நான் கடைக்குப் போயிருந்தேன். வாலுவோடு மட்டும் பேசிவிட்டு வைத்துவிட்டாயாம். மூன்று நிமிடத்தில் நாலு தடவை கை வலிக்கிறதா என்று கேட்டாயாம். "மாமாவுக்கு என்னம்மா ஆச்சு, அழுற மாதிரியே பேசினாரு" என்று அவள் என்னிடம் கேட்கிறாள். நான் என்ன சொல்ல?

வயர் வேலை முடிந்தது. கடிபட்ட இருபத்திரண்டு இடத்தில் புது வயர் சேர்த்தாயிற்று. "நாளைக்கு" மெக்கானிக் இன்றைக்கே வந்து உட்கார்ந்து பார்த்துக் கொடுத்தார். டேஷ்போர்டைத் திரும்ப ஏற்றியாயிற்று. மீட்டர் போர்டை மட்டும் மாட்டவில்லை. அந்த இடம் பல் எடுத்த குழி மாதிரி திறந்து கிடக்கிறது. டேப் சுற்றிய ஹோல்டர் அதற்குள் அப்படியே இருக்கிறது. நான் பிரிக்கவில்லை.

நேற்று மாமா ஷெட்டுக்குள் வந்தார். முழுதாக உள்ளேயே வந்தார். கதவைத் திறந்தார், உட்காரவில்லை. "மீட்டர் போர்டு எங்க?" என்றார். கண்ணாடி துடைக்க வேண்டும், வீட்டில் இருக்கிறது என்றேன். கல்யாணமாகிப் பதினாலு வருடத்தில் அவரிடம் நான் சொன்ன பொய்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். இது அதில் ஒன்று.

எழுது.

அக்கா


ஏப்ரல் 17

அக்கா,

நாலு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது. நலம் விசாரித்து ஆரம்பித்தால் அதிலேயே நின்றுவிடுவேன் என்று நேராக எழுதுகிறேன்.

அது பிரேக் ஆயில் லைட். நான்தான் கழற்றினேன்.

காரை உங்களிடம் கொடுப்பதற்கு ஒரு மாதம் முன்பு அந்த லைட் விட்டு விட்டு எரிய ஆரம்பித்தது. ஆயில் டப்பாவைத் திறந்து பார்த்தேன், கொஞ்சம் குறைவு. ஊற்றினேன், நின்றது. பத்து நாளில் மறுபடி ரோட்டுக் குழியில் இறங்கும்போதெல்லாம் மினுக்கியது. மூடியில் இருக்கும், ஆயில் அளவைக் காட்டும் மிதவையில் கோளாறு என்று முடிவு கட்டிவிட்டேன். நான் எலக்ட்ரீஷியன், எனக்கு எல்லாமே வயர் கோளாறாகத்தான் தெரியும். கீழே குனிந்து ஒரு சக்கரத்தைப் பார்த்திருந்தால் ஆயில் ஒழுகுவது தெரிந்திருக்கும். குனியவில்லை. அந்த லைட் சரியாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. கண்ணை உறுத்துகிறது என்று நான் அதன் வாயை மூடினேன். புது மூடி வரும் வரைக்கும்தான் என்று நினைத்து டேப் நுனியை மடித்தேன். அப்புறம் மறந்தே போனேன். சாவியைக் கொடுக்கும்போது மாமாவிடம் ஹாரன் கொஞ்சம் தகராறு என்று சொன்னேன். லைட்டைச் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் மாமா கண் விழித்ததும், "லைட் எரிஞ்சிருக்கும், நான்தான் பாக்கல" என்று சொன்னாரே, அந்த நிமிடம் எனக்கு ஞாபகம் வந்தது. வாய் வரைக்கும் வந்தது அக்கா. வாலு பக்கத்து வார்டில் அழுதுகொண்டிருந்தாள், நீ அங்கே ஓடினாய். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் போலீஸ் வந்தது. அதற்கு மறுநாள் மாமாவைப் பார்க்க டிப்போவே திரண்டு வந்தது. அப்புறம் இந்த மலை வேலை கிடைத்தது. சம்பளத்துக்காக வந்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன், நீயும் நம்பினாய்.

காரை எடைக்குப் போடச் சொன்னது எதற்கு என்று இப்போது உனக்குப் புரிந்திருக்கும். அதையும் நான்தான் எழுதினேன் என்று நினைத்தால் கூசுகிறது.

மாமாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. நீ பக்குவமாகச் சொல்வாயா? உனக்குச் சொல்ல வேண்டாம் என்று தோன்றினாலும் சரி. நீ எப்படிச் சொன்னாலும் கேட்கிறேன்.

தம்பி


ஏப்ரல் 24

தம்பிக்கு,

அது எந்த லைட் என்று எனக்குத் தெரியும். குழிக்கு நேரே முன்பக்கத்தில் படம் போட்டிருக்கிறது, எனக்குக் கண் இருக்கிறது. உன் வாயால் வரட்டும் என்றுதான் தெரியாத மாதிரி எழுதினேன். ஒரு வாரத்தில் வரும் என்று நினைத்தேன். ஒரு மாதம் எடுத்துக்கொண்டாய்.

உன்னைத் திட்டுவதற்கு வார்த்தை தேடித் தேடி எனக்கே அலுத்துவிட்டது. பல்பைக் கழற்றினது தப்பு. அது மனிதன் செய்கிற தப்பு, நான் கிளினிக்கில் அதைவிடப் பெரிய தப்பெல்லாம் பார்த்திருக்கிறேன். ஆனால் நாலு வருடம்! அந்த மனிதர் கேட்டில் உட்கார்ந்து மற்றவர்கள் ஓட்டுகிற பஸ்ஸுக்கு நேரம் எழுதுகிறார். அது உனக்குத் தெரியும். ஒவ்வொரு கடிதத்திலும் நான்தான் எழுதினேன், நீயும் படித்தாய்.

இன்னொன்றும் சொல்கிறேன், இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. வாலுவுக்குக் கட்டுப் பிரித்த அன்று கையை முழுதாக நீட்ட வராது என்று டாக்டர் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் நான் அவரிடம், "உங்க கண்ணு எங்க இருந்துச்சு?" என்று கேட்டேன். அன்றிலிருந்து அந்தக் கேள்விக்குத்தான் அவர் தினமும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தக் கேள்வியை நான் எங்கே போய்த் திருப்பி வாங்குவது? உன்மேல் எனக்கு இருக்கிற கோபத்தில் பாதி அதற்குத்தான்.

நான் பக்குவமாகச் சொல்லமாட்டேன். இதில் பக்குவம் என்ன வேண்டியிருக்கிறது. நீ எழுது. எனக்கில்லை, அவருக்கு. உறையில் அவர் பெயரைப் போட்டு டிப்போ விலாசத்துக்கு அனுப்பு. மீட்டர் போர்டு மேஜையிலேயே இருக்கும். நான் மாட்டமாட்டேன், மெக்கானிக்கையும் மாட்ட விடமாட்டேன். மே மாதத்துக்கு இன்னும் நாள் இருக்கிறது, ஆனால் அதிகம் இல்லை.

கம்பளியைப் போர்த்திக்கொள். உன்மேல் கோபமாக இருக்கும்போதுகூட எனக்கு இதை எழுதாமல் இருக்க வரவில்லை.

அக்கா


மே 9

மாப்பிள்ளைக்கு,

உன் மாமா எழுதுவது. எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. நேரம் எழுதித்தான் பழக்கம். அப்படியே எழுதுகிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை 7.40-க்கு உன் கடிதம் டிப்போ கேட்டுக்கு வந்தது. 7.45-க்குப் படித்தேன். 8.10-க்கு மறுபடி படித்தேன். இடையில் மூன்று பஸ் போனது, நேரம் எழுதாமல் விட்டுவிட்டேன். நாலு வருடத்தில் முதல் தடவை. பிறகு டிரைவர்களைக் கேட்டு எழுதினேன்.

மாலை 5.10-க்கு ஷெட்டுக்குப் போனேன். உன் அக்கா மேஜையிலிருந்து மீட்டர் போர்டை எடுத்துவந்து கையில் கொடுத்தாள். பல் ஆஸ்பத்திரிக் கண்ணாடியையும் கொடுத்தாள், அது தேவைப்படவில்லை. உன் டேப் நுனி மடித்திருந்தது. பிடித்து இழுத்தேன், ஒரே இழுப்பில் வந்துவிட்டது. 5.25-க்கு பல்பைக் குழியில் வைத்துத் திருகினேன். கேபிளை மாட்டினேன். ஸ்க்ரூ நாலும் போட்டேன். பானெட்டைத் திறந்து பிரேக் ஆயில் மூடியைத் தூக்கி ஓரமாக வைத்தேன், ஆயில் குறைந்த மாதிரி மிதவை கீழே விழட்டும் என்று. பிறகு டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். உட்கார்ந்ததே எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

5.40-க்குச் சாவியைத் திருப்பினேன். லைட் எரிந்தது.

ஷெட் கதவு திறந்திருந்தது, நல்ல வெயில், நேராக முகத்தில் அடித்தது. அந்த வெயிலிலும் அந்தச் சிவப்பு கண்ணைக் குத்துகிறது. தலையைத் திருப்பிப் பார்த்தேன், ஓரக் கண்ணில் தெரிகிறது. ரோட்டைப் பார்க்கிற மாதிரி நேராகப் பார்த்தேன், அப்போதும் தெரிகிறது. பேட்டரி இறங்கிவிடும் என்று உன் அக்கா கத்தினாள். 6.15 வரை அணைக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தேன்.

இதைப் பார்க்காமல் ஒருவன் ஓட்ட முடியாது. எரிந்திருந்தால் நான் பார்த்திருப்பேன்.

ஆயில் டப்பாவை நானும் ஒரு நாள் திறந்து பார்த்திருக்கலாம். பஸ்ஸுக்குத் தினமும் பார்க்கிறவன், சொந்தக் கார்தானே என்று விட்டேன். அது என் பங்கு, அதை யாருக்கும் கொடுக்கமாட்டேன். லைட் என் பங்கு இல்லை.

உனக்கு என்ன எழுதுவது என்று மூன்று நாள் யோசித்தேன். மன்னித்துவிட்டேன் என்று எழுத வரவில்லை. பல்பை நீ கழற்றி மறந்ததை நான் மறந்துவிடுவேன் என்று நினைக்கிறேன், எந்தத் தொழிலிலும் இப்படி ஒன்று நடக்கும். ஆனால் ஆஸ்பத்திரியில் நான் அந்த லைட்டைப் பற்றிச் சொன்னபோது நீ கட்டில் பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்துக்கொண்டாய். அது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது தெரியுமா? நாலு வருடம் அதை நினைத்து நினைத்து உன்னை மெச்சியிருக்கிறேன். அதைத்தான் என்ன செய்வது என்று தெரியவில்லை.

டிப்போவில் சரி என்று சொல்லிவிட்டேன். ஜூன் முதல் தேதியிலிருந்து காலை ஷிப்ட். நேற்று மாலை உன் அக்காவையும் வாலுவையும் ஏற்றிக்கொண்டு தெருவை ஒரு சுற்றுச் சுற்றினேன். 5.30-க்குப் புறப்பட்டு 5.50-க்குத் திரும்பினோம். உன் அக்கா முன் சீட்டில் உட்கார்ந்து வழியெல்லாம் அழுதாள். என்னிடம் ஏதோ ஒரு கேள்வியைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன் என்றாள். எந்தக் கேள்வி என்று எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருந்தேன்.

நீ லீவு போட்டு வா. தேதியும் நேரமும் எழுது. ஸ்டேஷனுக்கு இதே காரில் வந்து நிற்பேன், ஐந்து நிமிடம் முன்னாலேயே நிற்பேன். வழியில் உன்னோடு பேசமாட்டேன். ஓட்டும்போது நான் யாரோடும் பேசுவதில்லை, அது உனக்கே தெரியும். வீட்டில் வாலு இருப்பாள். முதலில் அவளிடம் சொல். அதன் பிறகு நாம் பேசலாம்.

மாமா